என் போனில் 163 வைஃபை: அழிப்பதா, அடக்கி வைப்பதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தள்ளுவண்டி. சாயங்காலம் ஆறரை மணி. இரண்டு பிளேட் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, விரலில் ஒட்டிய பீட்ரூட் சிவப்பைத் துடைத்துக்கொண்டே கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தேன். 80 ரூபாய். பின் நம்பர் போட்டதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். வண்டிக்கார அக்கா, "பரவால்லைங்க, நாளைக்கு இந்தப் பக்கம் வரப்ப குடுங்க" என்றுவிட்டார். பணம் போனதா, போகவில்லையா என்று தெரியாமல் போனையே முறைத்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

காரணம் எதிர் மாடியில் இருந்தது. அங்கே ஒரு கொலுசுப் பட்டறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கேமரா மாட்டியவன் நான். அன்று அடித்த பாஸ்வேர்டை என் போன் மறக்கவே இல்லை. அந்தத் தெருவில் கால் வைத்ததும், ஒற்றைக் கோடு சிக்னலாக இருந்தாலும் பரவாயில்லை என்று போய் ஒட்டிக்கொண்டது. முழுக் கோடு மொபைல் டேட்டா சும்மா கிடந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து, சேமித்து வைத்த வைஃபை பட்டியலை எண்ணினேன். 163.

சிசிடிவி வேலைக்காரன் போனில் இது அதிசயம் இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் குறைந்தது மூன்று பெயர் சேரும். வீட்டு வைஃபை ஒன்று. அதே ரவுட்டர் "5ஜி" என்று வால் வைத்துக் காட்டும் இன்னொன்று. (இது மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்று வாரத்துக்கு இரண்டு பேருக்காவது விளக்குகிறேன். பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் 2.4 மட்டும்தான் எடுக்கும் என்பதால் இந்த விளக்கத்திலிருந்து தப்பிக்கவும் முடியாது.) மூன்றாவது, கேமராவே செட்டப் சமயத்தில் கிளப்பும் தற்காலிக வைஃபை. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர், இன்டர்நெட் இருக்காது, பத்து நிமிஷத்தில் காணாமல் போய்விடும். ஆனால் பட்டியலில் மட்டும் சாகாவரம்.

பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் பழைய டைரி படிப்பது போல் இருந்தது. மூடிப்போன லாட்ஜ், வேலையை விட்டுப் போன பையனின் ஹாட்ஸ்பாட், ஒரு கல்யாண மண்டபம். அம்மாபேட்டையில் ஒரு வாடிக்கையாளர் வைஃபைக்குத் தமிழில்தான் பெயர் வேண்டும், "கோட்டை மாரியம்மன் துணை" என்று வைக்கச் சொன்னார். வைஃபை பெயருக்கு 32 பைட்டுதான் இடம். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போய்விடும். கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனிக் கணக்கு. ரவுட்டர் "கோட்டை மாரி"யோடு நின்றுவிட்டது. "சரி, ஆத்தா பேரு வந்துருச்சில்ல, போதும்" என்றார். அதுவும் என் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

இதை என்ன செய்வது என்று ஒரு மாதமாக ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிந்தது. அந்தப் பட்டியல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் சாவிக்கொத்து. இன்னொன்று, எந்த வீட்டு வாசலைக் கண்டாலும் கேட்காமல் உள்ளே நுழையும் பழக்கம். எனக்குக் கொத்து வேண்டும், பழக்கம் வேண்டாம். போன் செய்தவர்கள் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே, இந்த இரண்டையும் எந்த வழி எவ்வளவு பிரிக்கிறது என்பதை வைத்துத்தான் எடை போட்டேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் வழி: வெளியே போகும்போது வைஃபையை அணைத்துவிடு. கேட்க எளிது. வீட்டில் இருந்து கிளம்பும்போது பர்ஸ், ஹெல்மெட், ஏணி, டிரில்லிங் மெஷின் எல்லாம் ஞாபகம் இருக்கும் எனக்கு இது மட்டும் ஞாபகம் இருந்ததே இல்லை. அணைத்தாலும் அணைந்தே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐபோனில் மேலிருந்து இழுத்து வரும் கட்டத்தில் வைஃபையைத் தட்டினால் அது அணைவதில்லை; இருக்கும் தொடர்பை மட்டும் விட்டுவிடும். வேறு இடத்துக்குப் போனாலோ, விடிந்து 5 மணி ஆனாலோ பழையபடி ஒட்ட ஆரம்பிக்கும். நிஜமாக அணைக்க செட்டிங்ஸ் உள்ளே போக வேண்டும். ஆண்ட்ராய்டில் பழகிய வைஃபை பக்கத்தில் வந்தால் தானே ஆன் ஆகும் வசதி பல போன்களில் உண்டு. அதைத் தேடி அணைத்தால்தான் அணைத்ததற்கு அர்த்தம். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிறவர்களுக்கு இந்த வழி போதும். எனக்குப் போதவில்லை.

இரண்டாவது வழி, போனையே முடிவெடுக்க விடுவது. வைஃபை மோசமாக இருந்தால் மொபைல் டேட்டாவுக்குத் தானே மாறும் ஒரு பொத்தான் ஆண்ட்ராய்டு போன்களில் வேறு வேறு பெயரில் இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் வைஃபை அசிஸ்ட் என்று 2015 முதல் இருக்கிறது. ஆன் செய்து வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் செத்த வைஃபையைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. இழுத்துக்கொண்டு கிடக்கும் வைஃபையில் தடுமாறும். என் போனில் அன்றும் அது ஆனில்தான் இருந்தது. மாடியிலிருந்து வந்த ஒற்றைக் கோடு உயிரோடு இருந்ததால், போன் அதை நம்பிக் காத்திருந்தது. பணம் கட்டும் இடத்தில் பத்து விநாடி என்பது பத்து நிமிஷம்.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனிக் குழி உண்டு. கேமராவின் தற்காலிக வைஃபையில் சேரும்போது, "இதில் இன்டர்நெட் இல்லை, அப்படியே இருக்கட்டுமா?" என்று ஆண்ட்ராய்டு கேட்கும். வேலை அவசரத்தில் "ஆமாம், இனிமேல் கேட்காதே" என்று டிக் போட்டுவிடுவோம். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கண்டால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போன் அங்கேயே சம்மணம் போட்டு உட்காரும். நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை.

மூன்றாவது, ஒவ்வொன்றாக அழிப்பது. ஆண்ட்ராய்டில் பெயரைத் தட்டி, ஃபர்கெட் தட்டி, பட்டியலுக்குத் திரும்பி, மறுபடி. 163 பெயருக்கு ஏறத்தாழ ஐந்நூறு தட்டு. இந்த வேலையைச் செய்து தருவதாகச் சொல்லும் ஆப்களை நம்பாதீர்கள். 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, நாம் சேர்த்த வைஃபைகளில் வெளி ஆப்கள் கை வைக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும் வசதியைத் தாங்களாவது எல்லாப் போனிலும் கொடுத்திருக்க வேண்டாமா? ஐபோன்காரர்கள் நிலைமை நீண்ட காலம் இதைவிட மோசம். 2022ல் ஐஓஎஸ் 16 வரும்வரை, பட்டியலைப் போனில் பார்க்கவே வழியில்லை. ஒரு வைஃபையை மறக்கச் செய்ய வேண்டுமானால் அந்த வைஃபை எட்டும் இடத்துக்கே போய் நிற்க வேண்டும். இப்போது வைஃபை பக்கத்தில் எடிட் தட்டினால் மொத்தமும் வரும், பாஸ்வேர்டையும் பார்க்கலாம். ஒன்று கவனம்: ஐகிளவுட் கீசெயின் (உங்கள் ஆப்பிள் கருவிகளுக்கிடையே பாஸ்வேர்டுகளைப் பகிரும் வசதி) ஆனில் இருந்தால், போனில் அழித்தது உங்கள் ஐபேடிலும் அழியும்.

நான்காவது வழிதான் எல்லாருக்கும் ஆசை காட்டும்: நெட்வொர்க் ரீசெட். ஒரே தட்டு, ஒரு நிமிஷம், பட்டியல் காலி. நானும், இந்த 163 சேருவதற்கு முன்னால், ஒருமுறை செய்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மலைக்கு மேலே போனேன்.

ஏற்காடு என்றால் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், மே மாதம் மலர்க் கண்காட்சி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போகிறவனுக்கு ஏற்காடு என்றால் சிக்னல். அடிவாரத்தில் முழுக் கோடு. வளைவு ஏற ஏற அது வரும், போகும். ஏரிப் பக்கம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரச்சினை இல்லை. 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் இறங்கி, நாகலூர் பக்கம், மஞ்சக்குட்டை பக்கம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காபித் தோட்டச் சரிவுக்குள் போய்விட்டால், போன் வெறும் டார்ச் லைட். அங்கே வாடிக்கையாளரின் வைஃபைதான் நமக்கு உலகம்.

நான் ரீசெட் செய்த மறுநாள் ஒரு எஸ்டேட் பங்களாவில் கேமரா ஓடவில்லை என்று அழைப்பு. முதலாளி வெளிநாட்டில், அங்கே நடுராத்திரி. வாட்ச்மேன் பெரியவருக்குப் பாஸ்வேர்டு என்ற வார்த்தையே புதிது. ரவுட்டர் பூட்டிய ஆபீஸ் அறைக்குள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை; அந்தப் பாஸ்வேர்டை மாற்றி வைத்தவனே நான்தான். ஆறு மாதம் முன்னால் 14 எழுத்தில் ஏதோ வைத்தேன், போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து, சிக்னல் பிடித்து, முதலாளி எழுந்திருக்கும்வரை பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாதி நாள் கூலி போயிற்று. போதாததற்கு ஆண்ட்ராய்டு ரீசெட்டில் வைஃபையோடு புளூடூத் ஜோடிகளும் போய்விடும். இறங்கும்போது காரில் பாட்டும் இல்லை.

ஐபோனில் நெட்வொர்க் ரீசெட் செய்தால் விபிஎன் அமைப்புகளும் போகும், போனுக்கு நீங்கள் வைத்த பெயரும் வெறும் "ஐபோன்" ஆகிவிடும். வைஃபை ஒன்றுமே பிடிக்காமல் மக்கர் செய்யும்போது ரீசெட் சரியான மருந்து. பட்டியல் நீளமாக இருக்கிறது என்பதற்காக அதைச் செய்வது, கொசு கடிக்கிறது என்று வீட்டைக் கொளுத்துகிற கதை. புதுப் போன் வாங்கினால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். கூகுள் பேக்கப்பிலிருந்து மீட்டால் 163 பேரும் மூட்டை முடிச்சோடு புதுப் போனுக்குக் குடிவந்துவிடுவார்கள்.

ஆக, ஒன்றும் செய்யாமல் விட்டால் பழக்கமும் இருக்கிறது, கொத்தும் இருக்கிறது. ரீசெட் செய்தால் இரண்டும் போகிறது. மிச்சம் இருப்பது ஐந்தாவது வழி, நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம்: பெயரை வைத்துக்கொண்டு, தானாகச் சேருவதை மட்டும் அணைப்பது. ஆண்ட்ராய்டில் சேமித்த நெட்வொர்க் பட்டியலில் பெயரைத் தட்டினால் ஆட்டோ கனெக்ட் என்றோ ஆட்டோ ரீகனெக்ட் என்றோ ஒரு பொத்தான். ஐபோனில் ஆட்டோ ஜாயின். அணைத்துவிட்டால், எதிரே சிக்னல் இருந்தாலும் போன் தலையைத் திருப்பாது. வேண்டும்போது நாம் தட்டினால் பாஸ்வேர்டு கேட்காமல் சேரும்.

குறை இல்லாமல் இல்லை. இதையும் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இல்லை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஆட்டோ ஆனாகத்தான் வரும். பாஸ்வேர்டு அடிக்கும்போதே அதையும் அணைக்கும் பழக்கம் வேண்டும். "முதலில் வீடு, பிறகு கடை, மற்றதெல்லாம் பிறகு" என்று வரிசைப்படுத்தும் வசதி பெரும்பாலான போன்களில் கிடையாது. இருக்கிற சிக்னலையும் நம் முந்தைய வழக்கத்தையும் பார்த்துப் போன் தானே ஒன்றைப் பிடிக்கும். அந்த வரிசை மட்டும் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

இரண்டு போன் வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி ஒருவன் கேட்டான், என்னோடு ஏணி பிடிக்கிறவன். யோசனை மோசமில்லை. கேமராவின் தற்காலிக வைஃபைகளுக்கு மட்டும் ஒரு பழைய போன் ஒதுக்கிவிட்டோம், அது அவனிடம்தான். பணம் கட்டும் போனில் அந்தக் குப்பை சேருவதில்லை. ஆனால் அப்டேட் நின்றுபோன பழைய போனில் வாடிக்கையாளரின் வீட்டுப் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. செட்டப் முடிந்ததும் அங்கேயே அழித்துவிட வேண்டும் என்பது கட்டளை. அவன் பாதி நாள் மறக்கிறான், நான் திட்டுகிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு வகையை மட்டும் யோசிக்காமல் அழிக்கச் சொல்வேன்: பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபைகள். லாட்ஜ், ஓட்டல், மால், ஸ்டேஷன், ஏதோ ஒரு கல்யாணத்தில் பிடித்தது. பூட்டிய வைஃபைக்குப் பெயரோடு சாவியும் பொருந்த வேண்டும். திறந்ததற்குப் பெயர் பொருந்தினால் போதும். அதே பெயரில் எவன் வேண்டுமானாலும் புது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட் போடலாம். உங்கள் போன் கூப்பிடாமலே போய்ச் சேரும். இதில் வைத்துக்கொள்ள சாவியும் இல்லை, அதனால் அழித்தால் நஷ்டமும் இல்லை. என் 163ல் இப்படி 31 இருந்தது.

அடுத்தது, பெயரை மறைத்து வைத்த வைஃபைகள். பெயர் தெரியாவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்துச் சில முதலாளிகள் மறைக்கச் சொல்வார்கள். அது ரவுட்டரை வாய்மூட வைக்கிறது, போனை வாய் திறக்க வைக்கிறது. ரவுட்டர் தன் பெயரைச் சொல்லாததால், "இன்ன பெயர் இங்கே இருக்கிறதா?" என்று போன்தான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகும். மேலே பங்களாவில் மறைத்த பெயரைக் கீழே ஐந்து ரோட்டில் அறிவித்துக்கொண்டு திரிகிறோம். இவற்றில் தேவையில்லாததை அழித்தேன். தேவையானதற்கு முதலாளியிடம் பேசி மறைப்பை எடுத்துவிட்டேன்.

மிச்சத்தை அழிக்குமுன் ஒரு வேலை செய்தேன், அதுதான் உண்மையில் பாரத்தைக் குறைத்தது. ஆண்ட்ராய்டு 10 முதல், ஷேர் தட்டினால் அந்த வைஃபையின் கியூஆர் வரும், பல போன்களில் பாஸ்வேர்டும் எழுத்தாகவே தெரியும். வாடிக்கையாளரைக் கேட்டு, அந்தக் கியூஆரை அச்சடித்து, கேமரா ரெக்கார்டர் இருக்கும் பெட்டியின் கதவு உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். பெட்டிச் சாவி வாட்ச்மேனிடம். நானோ, என் தம்பியோ, நாளை என்னைத் துரத்திவிட்டு வேறு யாரையாவது கூப்பிட்டால் அவரோ, திறந்து ஸ்கேன் செய்தால் போதும். அவர்கள் வீட்டுச் சாவி அவர்கள் வீட்டிலேயே. அந்தக் கியூஆருக்குள் பாஸ்வேர்டு பூட்டில்லாமல்தான் இருக்கிறது என்பதால் வாசலில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

இப்போது என் கணக்கு: 31 திறந்தவை, 50க்கு மேல் செத்துப்போன கேமராப் பெயர்கள், மூடிய கடைகள் எல்லாம் போய் 58 மிச்சம். ஆட்டோ ஆனில் இருப்பது இரண்டே: வீடு, அஸ்தம்பட்டியில் என் கடை. பஸ்ஸில் உட்கார்ந்து தினம் பத்து பெயர் என்று பிரித்ததில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பாதியில் வெறுத்து ரீசெட்டைத் தட்டிவிடுவீர்கள்.

உங்கள் பட்டியல் இருபதுக்குள் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. திறந்தவற்றை அழித்து, வீடும் ஆபீசும் தவிர மற்றதன் ஆட்டோவை அணையுங்கள், கால்மணி நேர வேலை. வயதான பெற்றோரின் போன் என்றால் நேர்மாறாகச் செய்வேன்: வீட்டு வைஃபை ஒன்றை மட்டும் வைத்து மற்றதை முழுக்க அழித்துவிடுவேன். எங்கே தட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் போனில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

கொலுசுப் பட்டறை இன்னும் பட்டியலில் இருக்கிறது, ஆட்டோ அணைத்து. அக்காவுக்கு 80 ரூபாய் மறுநாளே ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

தீராத ஒன்று மட்டும் மேலே இருக்கிறது. லூப் ரோட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு காட்டேஜ், இரண்டு ரவுட்டர், இரண்டுக்கும் "கெஸ்ட்" என்றே பெயர், பாஸ்வேர்டு மட்டும் வேறு வேறு. பெயரும் பூட்டு வகையும் ஒன்றாக இருந்தால் போனுக்கு இரண்டும் ஒன்றுதான்; இங்கே போட்ட பாஸ்வேர்டு அங்கே போட்டதை அழித்துவிடும். ஒன்றின் பெயரையாவது மாற்றிக்கலாமா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "கெஸ்ட்டுக்கு வேற என்ன பேருங்க வைக்கிறது?" என்கிறார். அந்த இரண்டு இடத்தில் மட்டும் இன்றும் கையால்தான் அடிக்கிறேன், 12 எழுத்து, நடுவில் ஒரு அட் குறி.